பூச்சி சுலபம், வாடைதான் கஷ்டம்

நாலு ஊர் சுற்றியவன் என்று தெரிந்துவிட்டால் போதும், எல்லாரும் கேட்கிற முதல் கேள்வி: "பாம்பு சாப்பிட்டிருக்கீங்களா?" அடுத்தது கரப்பான்பூச்சி. மூன்றாவது கேள்வி கொஞ்சம் குரலைத் தாழ்த்திக்கொண்டு வரும், நாய். மூன்றுக்கும் என் பதில் இல்லை என்பதுதான். அதோடு கேட்டவர் முகம் வாடிவிடும். இவனெல்லாம் என்னத்த ஊர் சுற்றினான் என்று நினைத்துக்கொள்வார்கள் போல.

விசித்திரச் சாப்பாடு என்றாலே ஊர்கிறதும் நெளிகிறதும்தான் என்று நாம் முடிவுகட்டி வைத்திருக்கிறோம். தின்று பார்த்தவனாகச் சொல்கிறேன், அதெல்லாம் சுலபம். ஆறு காலோ எட்டுக் காலோ, சூடான சட்டியில் விழுந்து உப்பும் காரமும் ஏறிவிட்டால் எல்லாமே மொறுமொறு நொறுக்குத்தீனிதான். ஆளைக் கவிழ்ப்பது மூக்கு. நொதித்தது, நூல் விடுவது, மண்ணில் புதைத்து எடுத்தது என்று வந்து நிற்கும்போதுதான் என்னைப் போன்ற வாய்ச்சவடால் ஆசாமிகள் தண்ணீர் கேட்பார்கள்.

பூச்சி தின்ன விமானம் ஏற வேண்டியதில்லை. எங்களுக்குக் கோவில்பட்டிப் பக்கம் கரிசல்காட்டு ஊர். புரட்டாசி, ஐப்பசியில் நல்ல மழை ஒன்று பெய்து மண் குளிர்ந்ததும் புற்றிலிருந்து ஈசல் புறப்படும். எந்தப் புற்றில் எப்போது புறப்படும் என்பது சித்தப்பாவுக்கு அத்துப்படி. புற்றோரமாகக் குழி தோண்டி ஒரு பானையைக் கழுத்துவரை புதைப்பார். சுற்றிலும் குச்சி நட்டு, மேலே பழைய கம்பளியைப் போர்த்தி, பானைப் பக்கம் மட்டும் அரிக்கேன் விளக்கை வைப்பார். வெளிச்சத்தைத் தேடிக் கிளம்பி வருகிற ஈசல் கம்பளியில் முட்டி மோதிப் பானைக்குள் விழும். எங்களை எட்ட நிற்கச் சொல்லிவிடுவார். பானைக்குள்ளிருந்து சலசலவென்று சத்தம் மட்டும் கேட்டுக்கொண்டே இருக்கும்.

மறுநாள் ஆச்சியின் வேலை. வெயிலில் காயப்போட்டு உள்ளங்கையால் லேசாகத் தேய்த்தால் இறக்கை கழன்றுவிடும். சுளகில் அள்ளிப் போட்டு அவள் புடைக்கப் புடைக்க இறக்கை முற்றம் பூராவும் பறக்கும். காற்றில்லாத நாளில் வாயாலேயே ஊதுவாள். பிறகு இரும்புச் சட்டி. எண்ணெய் விடமாட்டாள், ஈசலின் கொழுப்பே போதும். பழுப்பு நிறம் ஏறி வாசம் கிளம்பியதும் வறுத்த அரிசி, பொட்டுக்கடலை, எள்ளு, கொஞ்சம் உப்பு. ஆளுக்கு ஒரு கைப்பிடிதான். இன்னும் கேட்டால், "போதும் போ, வயித்தால போவும்" என்று விரட்டிவிடுவாள். அதிகம் தின்றால் நிஜமாகவே வயிற்றைக் கலக்கும் என்பதை என் சித்தப்பா மகன் ஒரு ஐப்பசியில் நிரூபித்தான்.

இதைத் தின்னும்போது பூச்சி தின்கிறோம் என்று எங்களில் ஒருவருக்கும் தோன்றியதில்லை. அது தீனி, அவ்வளவுதான். ஐ.நா.வின் உணவு வேளாண்மை அமைப்பு 2013-ல் ஓர் அறிக்கை வெளியிட்டது. உலகத்தில் மனிதர்கள் உண்ணும் பூச்சியினங்கள் 1,900-க்கும் மேல் என்று அதில் கணக்கு. சிங்கப்பூர் அரசு 2024 ஜூலையில் 16 வகைப் பூச்சிகளை மனித உணவாக விற்க அனுமதி கொடுத்தபோது செய்தித்தாள்கள் ஏதோ புதுயுகம் பிறந்ததுபோல் எழுதின. ஆச்சி இருந்திருந்தால் இதுக்கெல்லாமா பேப்பர்ல போடுவாங்க என்று கேட்டிருப்பாள்.

ஈசலில் பயின்ற வாய்க்கு பாங்காக் நடைபாதை வண்டிகள் ஒன்றும் பெரிய விஷயமில்லை. வெட்டுக்கிளி, மூங்கில் புழு, நீர்ப்பூச்சி எல்லாம் எண்ணெயில் பொரிந்து தட்டுத் தட்டாகக் குவிந்திருக்கும். கேட்டால் சோயா சாஸைப் பீய்ச்சி, வெள்ளை மிளகுத்தூள் தூவித் தருவார்கள். மூங்கில் புழு வாயில் வைத்ததும் கரைகிறது, நல்ல ருசி. வெட்டுக்கிளியின் பின்னங்கால் மட்டும் பல்லிடுக்கில் மாட்டும், பிய்த்துப் போட்டுவிட்டுத் தின்பது உத்தமம். சுற்றுலாப் பயணிகள் புழங்கும் தெருக்களில் தின்கிறவர்களைவிடப் படம் எடுக்கிறவர்கள் அதிகம். சில வண்டிக்காரர்கள் படம் எடுக்கவே தனியாகக் காசு கேட்டுப் பலகை மாட்டியிருக்கிறார்கள். சரியான வியாபாரிகள்.

நம் நாட்டிலேயே பஸ்தரில் சிவப்பெறும்புத் துவையல் உண்டு. சாப்ரா என்பார்கள். ஜக்தல்பூர்ப் பக்கத்து வாரச் சந்தைகளில் பழங்குடிப் பெண்கள் இலைத்தொன்னையில் எறும்பைக் குவித்து விற்கிறார்கள். நம் ஊர் மாமரத்தில் இலைகளை ஒட்டிக் கூடு கட்டி, ஏறுகிறவனைக் கடித்துத் துரத்துகிற அதே முசுறுதான். முட்டையும் புழுவும் எறும்புமாகச் சேர்த்து மிளகாய், பூண்டு, உப்பு வைத்து அம்மியில் அரைக்கிறார்கள். எறும்பின் ஃபார்மிக் அமிலம் நல்ல புளிப்பைக் கொடுத்துவிடும், புளி தேவையே இல்லை. ஒடிசாவில் மயூர்பஞ்ச் மாவட்டத்தின் எறும்புத் துவையலுக்கு 2024-ல் புவிசார் குறியீடும் கிடைத்துவிட்டது. சோற்றுக்குத் தொட்டுக்கொண்டால் இன்னொரு கை சோறு இறங்கும். கண்ணைக் கட்டிவிட்டுக் கொடுத்திருந்தால் எலுமிச்சை ஊறுகாயின் காரமான தங்கச்சி என்று சொல்லியிருப்பேன்.

பூச்சிகளில் என்னைத் தடுமாற வைத்தது ஒன்றே ஒன்று, கொரியாவின் பொன்டெகி. பட்டுப்புழுவின் கூட்டுப்புழு. பட்டுநூல் எடுக்கக் கூடுகளைக் கொதிநீரில் போடும்போது உள்ளே இருப்பது வெந்துவிடுமே, அதுதான். காகிதக் கோப்பையில் குச்சி குத்தித் தருகிறார்கள். பார்க்க ஒன்றும் அருவருப்பில்லை, பழுப்பு நிறத்தில் கொட்டையளவு இருக்கும். ஆனால் அந்த ஆவி! மழையில் நனைந்த சாக்கு, பழைய இறால் ஓடு, மரத்தூள் எல்லாம் கலந்த வாடை. தள்ளுவண்டி இருக்கும் தெருமுனைக்கு முன்னாலேயே மூக்குக்குத் தகவல் வந்துவிடும். ஒன்றைக் கடித்தேன், உள்ளே இருந்த சாறு நாக்கில் பரவியது, அத்தோடு குச்சியைக் கீழே வைத்துவிட்டேன். அஸ்ஸாமில் எரிப் பட்டின் கூட்டுப்புழுவை எண்ணெயில் வறுத்துக் கொடுத்தபோது தட்டைக் காலி செய்தவன் நான். அங்கே புழுவுக்குத்தான் கிராக்கி அதிகம், பட்டு அடுத்தபடிதான். இரண்டும் ஏறக்குறைய ஒரே பண்டம். கொரியாவில் வேகவைத்தார்கள், அஸ்ஸாமில் வறுத்தார்கள். வறுத்ததும் அந்த வாடை போய்விட்டது. காஞ்சிபுரத்துக் கல்யாணப் புடவைக்கும் இப்படித்தான் புழு வேகிறது என்பதை நினைத்துப் பார்த்தால், நாம் பாதி வழி வந்துவிட்டுச் சட்டியைப் பார்க்காமல் திரும்பிவிட்ட கூட்டம்.

வாடை என்று பேச்சு வந்துவிட்டதால் ஜப்பானுக்குப் போவோம். தங்கும் விடுதியில் காலைச் சாப்பாட்டு மேசையில் சின்னச் சின்னத் தெர்மகோல் டப்பாக்கள் அடுக்கி வைத்திருப்பார்கள். உள்ளே நாட்டோ. அவித்த சோயா மொச்சையில் ஒரு நுண்ணுயிரை ஏற்றி, கதகதப்பான இடத்தில் ஒரு நாள் வைத்தால் நாட்டோ தயார். பாசில்லஸ் சப்டிலிஸ் என்பது அந்த நுண்ணுயிரின் பெயர், பழைய காலத்தில் வைக்கோலில் பொதிந்தாலே தானாக ஏறிக்கொள்ளும். டப்பாவைத் திறந்து, குட்டிப் பொட்டலத்தில் இருக்கும் கடுகையும் சாஸையும் ஊற்றி, குச்சியால் கலக்கு கலக்கு என்று கலக்க வேண்டும். கலக்கக் கலக்க நுரை கட்டி நூல் நூலாக இழுக்கும். குச்சியை உயர்த்தினால் நூலும் கூடவே வரும். உதட்டிலிருந்து கிண்ணம்வரை ஒரு நூல் தொங்க, அதைத் துடைக்கப் போய்க் கன்னத்தில் ஒரு நூல் ஒட்ட, பக்கத்து மேசைப் பெரியவர் என் நிலைமையைப் பார்த்துச் சிரிக்காமல் இருக்க ரொம்பப் பாடுபட்டார். மோந்தால் நாள்பட்ட காலுறை. ஆனால் சுடுசோற்றில் போட்டுப் பிசைந்து இறக்கினால், உள்ளே நல்ல மொச்சைக் கசப்பு. மூன்றாம் நாள் நானே டப்பாவைத் தேடி எடுத்தேன்.

இதன் அண்ணன் தம்பிகள் நம் நாட்டு எல்லைக்குள்ளேயே இருக்கிறார்கள் என்பது கோஹிமா போனபிறகுதான் தெரிந்தது. நாகாலாந்தின் சூமி மக்கள் செய்யும் அக்குனி, மேகாலயாவின் துங்ரிம்பாய், மணிப்பூரின் ஹவாய்ஜார், சிக்கிம் நேபாளப் பக்கத்துக் கினேமா எல்லாம் இதே சோயா, இதே நுண்ணுயிர். சோயாவை அவித்து, இலையில் பொதிந்து அடுப்படிச் சூட்டில் சில நாள் வைக்கிறார்கள். இமயமலை அடிவாரத்திலிருந்து ஜப்பான்வரை ஒரு நாட்டோ வட்டாரமே இருக்கிறது என்று நகாவோ சசுகே என்ற ஜப்பானியத் தாவரவியலாளர் எழுதினார். கோஹிமாவில் புகையில் வாட்டிய பன்றிக்கறியோடு அக்குனி போட்டு, ராஜா மிர்ச்சா மிளகாய் ஒன்றை மட்டும் நசுக்கிப் போட்ட குழம்பு சாப்பிட்டேன். எனக்குக் கிடைத்த ஆகச்சிறந்த குழம்புகளில் ஒன்று அது, சந்தேகமே இல்லை.

அந்தக் குழம்பைச் சமைக்கிறவர்கள் டெல்லியில் படுகிற பாடு தனிக்கதை. 2007-ல் டெல்லி காவல்துறை வடகிழக்கு மாணவர்களுக்காக ஒரு கையேடு போட்டது. மூங்கில் குருத்து, அக்குனி மாதிரி வாடையுள்ள பதார்த்தங்களை அக்கம்பக்கத்தில் சலசலப்பு வராமல் சமைத்துக்கொள்ளுங்கள் என்று அதில் அறிவுரை. 2019-ல் நிக்கோலஸ் கார்கோங்கர் இயக்கிய 'அக்கோனி' என்ற இந்திப் படமே இதைப் பற்றியதுதான். தோழியின் கல்யாணத்துக்கு அக்குனிப் பன்றிக்கறி சமைக்க அடுப்பு தேடி அலையும் பட்டாளத்தின் கதை. நமக்கும் இது ஒன்றும் அந்நியமில்லை. சென்னையில் வாடகை வீட்டில் ஒரு ஞாயிற்றுக்கிழமை நெத்திலிக் கருவாட்டைச் சட்டியில் போட்டுப் பாருங்கள். குழம்பு கொதிக்கும் முன் மாடியிலிருந்து ஆள் வரும். நான் குடியிருந்த ஒரு வீட்டில் ஓனர் அம்மா, "தம்பி, அசைவம் சமைங்க, வேணாங்கல. கருவாடு மட்டும் வேணாம்" என்றார். அவரைப் பொறுத்தவரை கோழியும் மீனும் ஒரு கணக்கு, கருவாடு வேறு கணக்கு. தின்பது எந்த உயிர் என்பது அவருக்குப் பிரச்சினையில்லை, ஜன்னல் வழியாக என்ன வருகிறது என்பதுதான்.

கடைசியாகச் சுறா. இதை மட்டும் கொஞ்சம் விரிவாகச் சொல்லவேண்டும், ஏனென்றால் இதில் எங்கள் வீட்டுக்கும் பங்கு இருக்கிறது.

ஐஸ்லாந்தின் ஹாகார்ல் பற்றி நிறையப் பேர் கேள்விப்பட்டிருப்பீர்கள். அதைச் செய்வது கிரீன்லாந்துச் சுறா என்ற பெரிய, மந்தமான மீனில். முதுகெலும்புள்ள உயிர்களிலேயே அதிக நாள் வாழ்வது அதுதான் என்று 2016-ல் வந்த ஆய்வு சொன்னது, குறைந்தது 270 ஆண்டு. தட்டில் இருக்கிற துண்டு கட்டபொம்மன் காலத்தில் நீந்திக்கொண்டிருந்த மீனுடையதாகக்கூட இருக்கலாம். இந்தச் சுறாவைப் புதிதாக அப்படியே தின்றால் விஷம், போதை ஏறியவன்போல் தள்ளாட வைக்கும். ஆகவே அந்தக் காலத்தில் தலையை நீக்கி, சரளை மண்ணில் குழி வெட்டிப் புதைத்து, மேலே கனமான கற்களை ஏற்றிவிடுவார்கள். ஆறு முதல் பன்னிரண்டு வாரம் அழுத்தத்தில் நீர் வடிந்து, நொதித்து, விஷம் இறங்கும். பிறகு எடுத்துப் பெரிய பெரிய பாளங்களாக வெட்டிக் காற்றோட்டமான மரக்கொட்டகையில் சில மாதம் தொங்கவிடுவார்கள்.

ஸ்நைஃபெல்ஸ்நெஸ் தீபகற்பத்தில் ப்யார்னர்ஹோஃப்ன் என்ற பண்ணையில் இதற்கென்று ஒரு அருங்காட்சியகமே இருக்கிறது. கொட்டகைக்குப் போய்ப் பார்க்கலாம். உத்தரத்திலிருந்து பழுப்பு மேலோடு கட்டிய பாளங்கள் வரிசையாகத் தொங்குகின்றன, வெட்டிய இடத்தில் உள்ளே வெண்ணெய் நிறம். கண் எரிகிறது. பேருந்து நிலையக் கழிவறையில் பினாயில் தீர்ந்துபோன நாளின் காற்று, அதே அமோனியா. சின்னக் கட்டியாக வெட்டிக் குச்சியில் குத்திக் கொடுத்தார்கள். ப்ரென்னிவின் என்ற சாராயத்தோடு விழுங்குவது வழக்கம். உலகம் பூராவும் எதையெதையோ தின்ற அந்தோணி போர்டெய்னே தன் வாழ்நாளின் மோசமான உணவாக இதைச் சொன்னவர். முதல் நொடியில் ஒன்றுமில்லை, மென்மையான மீன்தான். மெல்லத் தொடங்கியபின் தொண்டையின் பின்பக்கமாக ஏறி மூக்கைத் தாக்குகிறது. மூக்கைப் பிடித்துக்கொண்டால் அதுவரை தப்பிக்கலாம், விட்டதும் வாய்க்குள்ளிருந்து மேலே ஏறுவதை யார் தடுப்பது?

ஆனால் அந்த வாடை எனக்குப் புதிதில்லை என்பதுதான் விசேஷம். அம்மா பிறந்தது திருச்செந்தூர்ப் பக்கம் கடற்கரை. பிள்ளை பெற்றவளுக்குப் பால்சுறாப் புட்டு கட்டாயம். அம்மா மீன் சந்தையில் மற்ற மீனுக்குச் செவுளைத் தூக்கிப் பார்ப்பாள், சுறாவை மட்டும் குனிந்து மோந்து பார்ப்பாள். சுள்ளென்று ஏறினால், "நாளாயிருச்சு" என்று நகர்ந்துவிடுவாள். கடல்நீரின் உப்பைச் சமாளிக்கச் சுறா தன் சதையில் யூரியாவைத் தேக்கி வைத்திருக்கிறது. செத்தபிறகு நுண்ணுயிர்கள் அதை அமோனியாவாக மாற்றுகின்றன. நாள்பட்ட சுறாவும் சுறாக் கருவாடும் மூக்கைத் துளைப்பது அதனால்தான். கிரீன்லாந்துச் சுறாவில் அதோடு கூடுதலாக நஞ்சும் சேர்ந்திருக்கிறது.

அம்மா என்ன செய்வாள்? துண்டுகளை மஞ்சள்தூள் போட்டு வேகவைத்து அந்தத் தண்ணீரைச் சாக்கடையில் கொட்டுவாள். மணல்மாதிரி இருக்கும் தோலை உரித்து எறிவாள். சதையை விரலால் உதிர்த்து, இரண்டு உள்ளங்கைக்கு நடுவில் வைத்துச் சொட்டு நீர் இல்லாமல் பிழிவாள். யூரியா தண்ணீரில் கரையும் சரக்கு, பிழிந்த நீரோடு போய்விடும். அப்புறம் சின்ன வெங்காயம், பச்சை மிளகாய், பூண்டு, கறிவேப்பிலை, கடைசியில் தேங்காய்ப்பூ. ஐஸ்லாந்துக்காரன் கல்லை ஏற்றி மாதக்கணக்கில் பிழிந்ததை அம்மா அரைமணி நேரத்தில் கையாலேயே பிழிந்துவிட்டாள். அந்தக் காலத்தில் அவன் ஊரில் விறகு அருமை, உப்பு அருமை, மஞ்சள் கிடையாது. அவனைக் குறை சொல்லவும் முடியாது.

ஸ்வீடனில் மால்மோ நகரத்தில் 2018-ல் அருவருப்பு உணவு அருங்காட்சியகம் என்று ஒன்று திறந்தார்கள். நுழைவுச்சீட்டே வாந்திப் பை. ஹாகார்ல், டுரியன் எல்லாம் அதில் காட்சிப்பொருள். எனக்கு அதில் உடன்பாடில்லை. ஹாகார்லைக்கூட விட்டுவிடலாம், டுரியன் என்ன பாவம் செய்தது? சிங்கப்பூரில் ரயிலில் ஏற்ற விடமாட்டார்கள், விடுதி அறைக்குள் விடமாட்டார்கள், எல்லாம் சரி. கெய்லாங் தெருவோரக் கடையில் முள்ளை வெட்டிப் பிளந்து ஒரு சுளையை எடுத்து வாயில் போட்டுவிட்டால் வெளியே அடித்த வாடை உள்ளே வாசமாகிவிடுகிறது. பாலாடையில் வெங்காயமும் பலாப்பழமும் சேர்ந்த ருசி. வாங்கும்போது விலை கேட்டுக்கொள்ளுங்கள், அதில்தான் அழுகை வரும்.

மூக்கை வைத்து எல்லாவற்றையும் விளக்கிவிடலாம் என்றுதான் நினைத்துக்கொண்டிருந்தேன். ஒரகடத்தில் வேலை பார்த்த ஜப்பானிய நண்பர் ஒருவர் எங்கள் வீட்டுக்கு வந்தார். கருவாட்டுக் குழம்பை ஊற்றி ஊற்றிச் சாப்பிட்டார். ரத்தப் பொரியலுக்கு இன்னொரு கரண்டி கேட்டார். சர்க்கரைப் பொங்கலில்தான் மனிதர் நின்றுவிட்டார். நெய்யும் ஏலக்காயும் மணக்கிற பொங்கல்! வாடையாவது ஒன்றாவது. "சோற்றில் வெல்லமா? பாலுமா?" என்று கரண்டியைப் பிடித்தபடி கேட்டார். அவருக்குச் சோறு சோறுதான், அதில் பாலும் இனிப்பும் சேர்வது நினைத்தே பார்க்க முடியாத காரியம். மரியாதைக்கு ஒரு வாய் விழுங்கிவிட்டு, ஊறுகாய் கேட்டு வாங்கிக்கொண்டார்.

எனக்கு அப்படி ஆனது மணிலாவில். இரவானால் சைக்கிளில் கூடையைக் கட்டிக்கொண்டு "பலூ...ட்" என்று இழுத்துக் கூவி வருவார்கள். பாதி அடைகாத்த வாத்து முட்டை, இரண்டரை வாரம்போல வளர்ந்தது, அவித்துச் சூடாக இருக்கும். அகலமான முனையில் தட்டி ஓட்டை போட்டு முதலில் உள்ளிருக்கும் சாற்றை உறிஞ்ச வேண்டும். உறிஞ்சினேன். அம்மா வைக்கிற நாட்டுக்கோழிச் சாற்றுக்கு எந்த விதத்திலும் குறைவில்லை. கெட்ட வாடை துளியும் கிடையாது. ஓட்டை உரித்து, உப்பும் காரமான காடியும் போட்டு மஞ்சள்கருவைத் தின்றேன், அதுவும் அருமை. அதற்குக் கீழே ஈரமான மெல்லிய இறகும் மூடிய கண்ணும் தெரிந்தன. கூட வந்த உள்ளூர் நண்பர் நான் தயங்குவதைப் பார்த்துவிட்டு, "வேணாமா?" என்று கேட்டபடியே கையிலிருந்து வாங்கி வாயில் போட்டுக்கொண்டார். வண்டிக்காரர் இன்னொன்றை எடுத்து நீட்டினார். சாற்றுக்காக வாங்கிக்கொண்டேன், மீதியை மறுபடியும் நண்பரே பார்த்துக்கொண்டார்.